குருவியைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

பறவைகளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி மனிதர்களுடைய வழக்கைத் தீர்க்கப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. கல்யாணப் பந்தலில் மணமக்களை வாழ்த்த எழுந்திருக்கும் பெரியவர், அன்றில் பறவைகளைப் போல் இணைபிரியாமல் வாழுங்கள் என்கிறார். அவர் அன்றிலைப் பார்த்தவரில்லை. அது எந்தப் பறவை என்பதிலேயே படித்தவர்களுக்குள் கருத்து ஒருமைப்படவில்லை. ஆனாலும் அந்த வாழ்த்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. பந்தலைப் பிரிக்கும்போது அதுவும் போய்விடும். என் கோபம் அவர்மேல் அவ்வளவாக இல்லை.

இன்னொரு கட்சிக்காரர் இருக்கிறார். அவர் விஞ்ஞானம் படித்தவர், அல்லது படித்தவர்களோடு பழகியவர். அன்றிலெல்லாம் கவிகளின் கற்பனை, உண்மையான பறவை எப்படி நடந்துகொள்கிறது தெரியுமா என்று தொடங்குவார். அவர் அப்படித் தொடங்கினாரானால், அநேகமாக ஓர் ஆண்பிள்ளையின் குற்றத்துக்கு மன்னிப்புச் சீட்டு எழுதப்போகிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

எனக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தில் இது நடந்தது. கட்டிய மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் விட்டுவிட்டு ஒருவன் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். பெரியவர்கள் கூடி சமரசம் பேசினார்கள். சமரசம் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். பெண்ணைப் பொறுத்துப் போகச் சொல்வது. நன்றாகப் படித்த, நல்ல உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஓர் உறவினர் அந்தப் பெண்ணைப் பார்த்து, “இதோ பாரும்மா, ஆம்பளைக்கு இயற்கை அப்படி வச்சிருக்கு. தூக்கணாங்குருவியைப் பாரு. ஆண் கூட்டைக் கட்டிக் கொடுத்துட்டு அடுத்த கூட்டுக்குப் போயிடும். குஞ்சை வளர்க்கிறது தாய்தான். நான் சொல்லலை, சலீம் அலி எழுதியிருக்கார்” என்றார்.

அந்தப் பெண் தலை நிமிராமலே கேட்டாள்: “அந்தக் குருவி பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டணுமா, மாமா?”

யாரும் பதில் சொல்லவில்லை. பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. அவள் கேட்ட கேள்விக்குள் ஒரு முழு வாதம் இருந்தது. அதைத்தான் நான் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன். முதலில், சாட்சிக்கு இழுக்கப்பட்ட அந்தப் பெரிய மனிதர் என்ன எழுதினார் என்று பார்த்துவிடுவோம். அவர் பெயரைச் சொல்லித்தானே இவ்வளவும் நடக்கிறது!

1930ஆம் வருஷம். சலீம் அலி பெர்லினில் எர்வின் ஸ்டிரெஸ்மன் என்ற பேராசிரியரிடம் பறவை சாஸ்திரம் கற்றுக்கொண்டு பம்பாய்க்குத் திரும்பி வந்திருந்தார். திரும்பி வந்தவருக்கு உத்தியோகம் இல்லை. முன்பு பார்த்த வேலைக்குப் பணம் ஒதுக்க முடியவில்லை என்று அந்த இடத்தையே எடுத்துவிட்டார்கள். வயது 33. வேறொருவராயிருந்தால் மனம் உடைந்து ஏதாவது ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாகப் போய் உட்கார்ந்திருப்பார். அவர் மனைவி தெஹ்மினாவோடு, பம்பாய்க்கு எதிரே கடலுக்கு அக்கரையில் கிஹிம் என்ற கிராமத்திலிருந்த ஒரு குடும்ப வீட்டுக்குக் குடிபோனார். வீட்டுக்குப் பக்கத்தில் தூக்கணாங்குருவிகள் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டியிருந்தன. மழைக்காலம் முழுவதும் அவர் மறைவிடம் ஒன்று அமைத்துக்கொண்டு, ஏணி உச்சியில் உட்கார்ந்து, அந்தக் குருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போன மனிதனுக்கு வேறென்ன வேலை என்று அந்த ஊரில் யாராவது சிரித்திருக்கக்கூடும். ஆனால் 1931இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரை அவரை உலகத்துப் பறவை ஆராய்ச்சியாளர்களின் வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

அவர் கண்டது இதுதான். ஆண் குருவி, கூட்டைப் பாதிவரை கட்டுகிறது. தலைகீழாகக் கவிழ்த்த தொப்பிபோல் அது தொங்கும். நெல், புல், பனை, தென்னை ஆகியவற்றின் இலையிலிருந்து நாராகக் கிழித்துக்கொண்டு வந்து பின்னும் வேலை. ஒரு கூட்டை முடிக்க 500 தடவைவரை போய்வருவதாகப் பின்னால் வந்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பாதிக் கூடானதும் பெண் குருவிகள் வருகின்றன. வந்து உள்ளே புகுந்து பார்க்கின்றன, இழுத்துப் பார்க்கின்றன. பிடித்திருந்தால் பெண் அங்கே தங்கிவிடும். அதற்குப் பிறகுதான் ஆண் முட்டையறையையும் நீண்ட குழல் வாசலையும் கட்டி முடிக்கும். பெண் முட்டையிட்டு, தானே அடைகாத்து, பெரும்பாலும் தானே இரை கொடுத்துக் குஞ்சுகளை வளர்க்கிறது. ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணை அழைக்கப் போய்விடுகிறது. ஒன்றன்பின் ஒன்றாகப் பல தாரம்.

இதற்கு முன் அந்தப் பாதிக் கூடுகளுக்கு மக்கள் அழகான விளக்கமெல்லாம் சொல்லி வந்தார்கள். பெண் அடைகாக்கும்போது ஆண் பக்கத்திலே உட்கார்ந்து துணையிருக்கும் இடம் என்றார்கள். ஊஞ்சல் என்றார்கள். நல்ல சம்சாரி என்று நாமே அதற்குப் பட்டம் கொடுத்திருந்தோம். மழையில் நனைந்த குரங்குக்குப் புத்தி சொல்லிக் கூட்டைப் பறிகொடுத்த அந்தக் குருவியின் கதையைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை உண்டா? முன்யோசனைக்கும் குடித்தனத்துக்கும் அதை வாத்தியாராக்கி வைத்திருந்தோம். சலீம் அலி ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு, அந்தப் பாதிக் கூடு ஊஞ்சலுமில்லை, திண்ணையுமில்லை. எந்தப் பெண்ணும் ஏற்காமல் விட்ட கூடு, அல்லது இனிமேல் வரப்போகும் பெண்ணுக்காகக் கட்டப்படும் கூடு என்று சொன்னார்.

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சலீம் அலி அந்த ஆண் குருவியைத் திட்டவில்லை. அதைக் கொண்டாடவும் இல்லை. இது இப்படி நடக்கிறது என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்தப் பக்கங்களில் மனிதர்களுக்குப் புத்திமதி ஒன்றும் இல்லை. பம்பாய் மாகாணத்திலும் சரி, நம் சென்னை மாகாணத்திலும் சரி, ஒரு ஹிந்து ஆண் சட்டப்படி இரண்டு பேரையோ மூன்று பேரையோ மணந்துகொள்ளக்கூடிய காலம் அது. குருவியைக் காட்டி அந்த வழக்கத்துக்கு வக்காலத்து வாங்கியிருக்கலாம். அல்லது அதைக் காட்டி அந்த வழக்கத்தைக் கண்டித்திருக்கலாம். இரண்டும் அவர் வேலையாக அவருக்குத் தோன்றவில்லை. அவர் எழுதாத தீர்ப்பைத்தான் நம்முடைய ஓய்வு பெற்ற உறவினர் அவர் பெயரால் வாசித்தார்.

சரி, ஆண் தூக்கணாங்குருவி ஏன் போகிறது? “ஆண் என்பதால்” என்பது பதிலே அல்ல. தூக்கணாங்குருவிக்குச் சொந்தக்காரப் பறவைகள் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் நிறைய உண்டு. ஜான் குரூக் என்ற ஆங்கிலேயர் ஏறத்தாழ 90 வகைகளை ஒப்பிட்டு 1964இல் ஓர் ஆராய்ச்சி நூல் வெளியிட்டார். காட்டுக்குள்ளே பூச்சிகளைத் தேடித் தின்று வாழும் வகைகளில் பெரும்பாலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தனியாகக் குடித்தனம் செய்து இருவருமே குஞ்சுகளுக்கு இரை கொடுக்கின்றன. வெட்டவெளிப் புல்வெளியில் விதை தின்று வாழும் வகைகளில்தான் கூட்டமாகக் கூடு கட்டுவதும், ஓர் ஆணுக்குப் பல பெண்கள் என்பதும் அதிகம். ஒரே குடும்பம், ஒரே வம்சம். ஆனால் சாப்பாடு வேறு, இடம் வேறு. காட்டில் இரை சிதறிக் கிடக்கிறது. ஒருத்தியால் தேடி முடியாது. தகப்பனும் இருந்தாக வேண்டும். மழைக்காலப் புல்வெளியில் தீனி குவிந்து கிடக்கிறது, ஒருத்தியே சமாளித்துவிடுகிறாள், தகப்பன் போனாலும் குஞ்சு பிழைக்கிறது.

ஆண் இருப்பதற்கும் போவதற்கும் அவனுடைய குணம் காரணமல்ல. குஞ்சின் பசி காரணம். அப்படியானால் மனிதக் குழந்தை எந்தப் பக்கம் சேர்ந்தது என்று நீங்களே சொல்லுங்கள். தூக்கணாங்குருவிக் குஞ்சு பொரித்து ஏறக்குறைய 17 நாளில் கூட்டைவிட்டு வெளியே வந்துவிடுகிறது. நம் வீட்டுப் பிள்ளை 17 வருஷமானாலும் அப்பா, பஸ்ஸுக்குச் சில்லறை என்று நிற்கிறான். பறவையிடம்தான் நியாயம் கேட்கப் போகிறோமென்றால், காட்டுக்குள் பூச்சி தேடும் அந்தத் தகப்பனைத்தான் நாம் பார்த்திருக்க வேண்டும். ஆனால் பார்க்க மாட்டார்கள். தங்களுக்குச் சாதகமான சாட்சியைத்தானே வக்கீல் கூப்பிடுவார்!

சாட்சிகளுக்கா பஞ்சம்? பெண் வீட்டுக்குள்ளே அடைந்து கிடக்க வேண்டும் என்று நினைக்கிறவருக்கு ஆனைமலைக் காட்டிலே இருவாச்சி இருக்கிறது. பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு சிறு பிளவு மட்டும் இருக்கும். ஆண் மாதக்கணக்கில் அத்திப்பழமும் மற்ற இரையும் கொண்டுவந்து அதன் வழியாக ஊட்டும். பெண்தான் ஆள வேண்டும் என்கிறவருக்கு நம் தாமரைக் குளங்களிலேயே நீளவால் இலைக்கோழி இருக்கிறது. பெண் உருவத்தில் பெரியது. ஓர் ஆணுக்கு 4 முட்டையிட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆணிடம் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் தகப்பன். பெற்றவள் வளர்க்கத் தேவையில்லை என்கிறவருக்குக் குயில் இருக்கிறது, காக்கை வளர்க்கும். தகப்பன் பட்டினி கிடந்து பிள்ளையைக் காக்க வேண்டும் என்கிறவருக்கு அண்டார்க்டிகாவில் எம்பரர் பெங்குவின் இருக்கிறது; பனிக்காலத்து இருட்டில், காலின்மேல் ஒரே ஒரு முட்டையை வைத்துக்கொண்டு, ஏறக்குறைய 2 மாதம் சோறு தண்ணீர் இல்லாமல் ஆண் நிற்கிறது. எந்தக் கட்சிக்கும் ஒரு பறவை உண்டு. எல்லாக் கட்சிக்கும் சாட்சி சொல்லும் ஒருவனை எந்த நீதிபதியாவது நம்புவாரா?

குருவியை உபதேசியாக்கிய பெருமை நமக்கு மட்டும் சொந்தமல்ல. இங்கிலாந்தில் 1850களில் எஃப். ஓ. மாரிஸ் என்று ஒரு பாதிரியார் இருந்தார். பறவைகளைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவர். அங்கே வேலியோரங்களில் திரியும் டனக் என்ற ஒரு சின்னஞ்சிறு பறவை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. பழுப்பும் சாம்பலும் கலந்த மங்கல் நிறம். ஆர்ப்பாட்டமில்லை, பகட்டில்லை. அடக்கத்துக்கும் எளிமைக்கும் இதைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று அவர் தம்முடைய ஜனங்களுக்குச் சொன்னார்.

நூற்று முப்பது வருஷம் கழித்து, 1980களில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டத்தில் நிக் டேவிஸ் என்ற விஞ்ஞானி அதே டனக்குகளின் பின்னாலேயே வருஷக்கணக்காகத் திரிந்தார். காலில் வண்ண வளையம் மாட்டி ஒவ்வொன்றையும் அடையாளம் வைத்துக்கொண்டு பார்த்தார். அந்த ஒரே தோட்டத்தில், ஒருவனுக்கு ஒருத்தியாக இருந்த ஜோடிகளும் இருந்தன. ஓர் ஆணும் இரண்டு பெண்களுமாக இருந்த குடும்பங்களும் இருந்தன. ஒரு பெண்ணும் இரண்டு ஆண்களுமாக இருந்தவையும் இருந்தன. இரண்டு ஆண்களும் பல பெண்களுமாகக் கலந்து வாழ்ந்தவையும் இருந்தன. பாதிரியாரின் ஜனங்கள் அந்தப் பறவையை அப்படியே பின்பற்றியிருந்தால் அந்த ஊரின் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இந்த வேடிக்கையோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் டேவிஸின் ஆராய்ச்சியில் பாதியைத்தான் படித்தவர்கள். மறுபாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தத் தோட்டத்தில் ஒரே பறவை ஏன் இத்தனை விதமாக வாழ்கிறது? பெண் டனக்குக்கு இரை கிடைக்கும் இடம் விரிந்து பரந்திருந்தால், ஓர் ஆணால் அவளை மற்றவர்களிடமிருந்து காவல் காக்க முடிவதில்லை. இரண்டாவது ஆண் வந்துவிடுகிறது. டேவிஸும் அவருடைய கூட்டாளியும் சில இடங்களில் தீனி வைத்துப் பார்த்தார்கள். பெண் அலைய வேண்டிய பரப்பு சுருங்கியது. அதோடு குடும்பத்தின் அமைப்பே மாறத் தொடங்கியது. ஒரு கிண்ணம் தீனி மாற்றிவிடக்கூடிய விஷயத்தை நாம் “இயற்கையின் சாசனம்” என்று முழங்கிக்கொண்டிருக்கிறோம்!

இன்னொன்றும் கண்டார். பெண்ணுக்கு இரண்டு ஆண்கள் இரை கொண்டுவந்தால் குஞ்சுகள் நன்றாகப் பிழைக்கின்றன; ஆகவே அது இரண்டாவது ஆணையும் தேடிப் போகிறது. ஆணுக்கோ இரண்டு பெண்கள் இருந்தால் பிள்ளைகள் அதிகம். ஒருவருக்கு நல்லது மற்றவருக்கு நல்லதாயில்லை. ஆக, அந்தப் புதருக்குள் நடப்பது ஓயாத இழுபறி. 1984இல் அலெக் ஜெஃப்ரிஸ் என்பவர் லெஸ்டர் நகரில் மரபணுவைக்கொண்டு தகப்பனை அடையாளம் காணும் முறையைக் கண்டுபிடித்தார். அந்த முறையை இந்தப் பறவைகளுக்கும் பயன்படுத்தி 1989இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டாவது ஆண் அந்தப் பெண்ணோடு கூடியிருந்தால் குஞ்சுகளுக்கு இரை கொடுக்க வருகிறது, கூடாதிருந்தால் வருவதில்லை. எந்தக் குஞ்சு தன்னுடையது என்று அதற்கு அடையாளம் தெரியாது. தனக்குக் கிடைத்த பங்கை வைத்தே தன் பாட்டைப் பங்கிட்டுக்கொள்கிறது.

இந்த மரபணு முறை வந்தபிறகு அன்றில் கட்சிக்கும் பலத்த அடி. டேவிட் லாக் என்ற பெரிய அறிஞர் 1968இல் எழுதியபடி, பறவை இனங்களில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் ஜோடியாக வாழ்பவை. அது இன்றைக்கும் உண்மைதான். ஜோடியாகத்தான் கூட்டைக் காக்கின்றன. ஆனால் 2002இல் அதுவரை வந்த ஆராய்ச்சிகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, அப்படி ஜோடியாய் வாழும் பறவைகளின் குஞ்சுகளில் சராசரியாக நூற்றுக்கு 11க்கு மேல், கூட்டைக் காக்கும் ஆணுக்குப் பிறந்தவையல்ல என்று தெரிந்தது. உடனே நம் விஞ்ஞானக் கட்சி கைதட்டியது. பார்த்தீர்களா, கற்பு என்பதே இயற்கைக்கு விரோதம் என்றது. பந்தலில் அன்றிலைக் கூப்பிட்ட பெரியவருக்கும் இவருக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவர் பார்க்காத பறவையைப் பற்றிப் புத்தி சொன்னார். இவர் பார்த்த பறவையைப் பற்றிப் புத்தி சொல்கிறார். இருவரும் கூட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு மனிதனைத் தேடுகிறார்கள்.

“அப்படியானால் மனிதன் மிருகமில்லையா? இயற்கையிலிருந்து நாம் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லையா?” என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மனிதனும் பிராணிதான், நான் அதை மறுக்கவில்லை. இந்த ஆராய்ச்சிகளிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டிய பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. குஞ்சை வளர்ப்பது கடினமான உழைப்பு. யாராவது ஒருவர் அதைச் செய்தே தீர வேண்டும். தகப்பன் போய்விட்டான் என்பதற்காகக் குஞ்சின் வாய் மூடிக்கொள்வதில்லை. அந்த உழைப்பு மற்றவர்மேல் விழுகிறது. கிஹிம் கிராமத்துக் குருவியும் கேம்பிரிட்ஜ் தோட்டத்து டனக்கும் ஒருமுகமாகச் சொல்வது இது ஒன்றுதான். தாயன்பு, தாய்மையின் மகத்துவம் என்றெல்லாம் நாம் பாட்டுப் பாடி மறைத்து வைத்திருக்கும் கணக்கை விஞ்ஞானி எண்ணிக் காட்டுகிறார்: எத்தனை தடவை இரை, யார் கொண்டுவந்தது, யார் வரவில்லை. இப்படி எண்ணிப் பார்ப்பதை நம் வீடுகளில் செய்து பார்த்தால் பல கௌரவமான குடும்பஸ்தர்களுக்குத் தூக்கம் கெட்டுவிடும்.

ஆனால் யார் அந்த உழைப்பைச் செய்ய வேண்டும் என்ற கேள்வி இருக்கிறதே, அதற்குப் பறவையிடம் பதில் இல்லை. அது நமக்குள் நாம் தீர்த்துக்கொள்ள வேண்டியது. தீர்த்தும் வருகிறோம், மெதுவாகத்தான். சென்னையில் 1949இல் ஹிந்துக்களுக்குள் இருதார மணத்தைத் தடுத்துச் சட்டம் வந்தது. 1955இல் இந்துத் திருமணச் சட்டம் அதை அகில இந்திய அளவுக்குக் கொண்டுபோயிற்று. வசதியிருந்தும் மனைவியையும் பிள்ளையையும் பராமரிக்காமல் விடுகிறவனிடம் மாதாமாதம் ஜீவனாம்சம் வாங்க 1973ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125ஆவது பிரிவு இருந்தது. 2024 ஜூலையிலிருந்து அந்த இடத்தில் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு இருக்கிறது. இவற்றில் எதையும் குருவிக் கூட்டைப் பார்த்து எழுதவில்லை. கைவிடப்பட்ட பெண்களையும் பசித்த பிள்ளைகளையும் பார்த்து எழுதினார்கள். தாராளமாக அமல் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. கோர்ட்டுப் படி ஏறி இறங்கிய பெண்கள் சொல்லும் கதை வேறு. ஆனால் அந்தப் படியில் நிற்கும் பெண்ணிடம் போய்த் தூக்கணாங்குருவியைப் பார் என்று சொல்கிறவன், அவளுக்கு இருக்கும் அந்த ஒரு பிடியையும் பறிக்கப் பார்க்கிறான்.

எழுத்தையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் எனக்கு இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. பறவைகள் ஜோடி மாறினால் ஆராய்ச்சிக் கட்டுரைகளிலேயே அதை “விவாகரத்து” என்று எழுதுகிறார்கள். பத்திரிகைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் “துரோகம்”, “கள்ளக் காதல்” என்று தலைப்புப் போடுகிறார்கள். விவாகமே இல்லாத இடத்தில் விவாகரத்து எங்கிருந்து வரும்? விஞ்ஞானிக்கு அது வசதியான சுருக்கெழுத்து. அவருக்கு அதன் எல்லை தெரியும். படிக்கிற நமக்குத் தெரிவதில்லை. முதலில் நம் சொல்லைக் குருவிக்கு இரவல் கொடுக்கிறோம். பிறகு குருவியிடமிருந்து அதே சொல்லை வட்டியோடு திரும்ப வாங்கி, குருவியே துரோகம் செய்கிறது, மனிதன் செய்தால் என்ன என்கிறோம்.

துரோகம் என்ற சொல்லை நான் என் கதைகளில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அது சாதாரணச் சொல் அல்ல. அதற்கு முன்னால் ஒரு வாக்கு இருக்க வேண்டும். ஒருவர் சொல்லி, மற்றவர் நம்பி, அந்த நம்பிக்கையின்மேல் தன் நாட்களையும் பிள்ளைகளையும் வைத்திருக்க வேண்டும். அப்புறம்தான் துரோகம் என்று ஒன்று நடக்க முடியும். ஆண் தூக்கணாங்குருவி யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. நாலு பேர் முன்னிலையில் மாலை மாற்றவில்லை. கூட்டை இழுத்துப் பார்த்துச் சம்மதித்த பெண் குருவியும் அதனிடம் கூட்டைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அது போகும்போது யாரையும் ஏமாற்றிவிட்டுப் போகவில்லை. ஆகையால் அதற்கு மன்னிப்பும் தேவையில்லை.

வாக்குக் கொடுத்தவன் மனிதன். அதை மீறிவிட்டுப் போகிறவனும் மனிதன். போனவன் திரும்பி வரலாம், வராமலிருக்கலாம்; சேர்ந்து வாழ முடியாத இருவர் பிரிந்து போவதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. கல்யாணம் முறிந்தாலும் பிள்ளைக்குத் தகப்பன் முறிவதில்லை. அதற்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும், அவளிடமும் அந்தப் பிள்ளைகளிடமும். பதில் சொல்லும்போது தன் வாயால், தன் பெயரில் சொல்லட்டும். மழைக்காலத்தில் 500 தடவை நார் சுமந்து கூடு கட்டும் ஓர் ஏழைக் குருவியைத் தன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி வைத்துக்கொண்டு சொல்ல வேண்டாம்.